கண்டிக் காற்றும் கணினியின் சூடும்



கணினியின் சூடு பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்பதற்கு இந்நாட்டில் நமக்குத் தனியான காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அன்றிலிருந்து ஒரு புரொசசரின் விலையையும் ஒரு மதர்போர்டின் விலையையும் மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. பணக்கார நாடுகளில் ஐந்து வருடம் ஓடினால் போதும், புதிது வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். கம்பளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தெல்தெனியவிலும் இருக்கும் வீடுகளுக்கு அந்த யோசனை உதவாது. அண்ணன் படித்த கணினியில் தம்பி படிக்க வேண்டும், தம்பி முடித்தபின் தங்கை படிக்க வேண்டும். ஆகவே கணினி எத்தனை பாகை வரை சூடாகலாம் என்று ஒருவர் கேட்கும்போது, அவர் உண்மையில் கேட்பது இது இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கே இன்று பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

புரொசசர் என்பது பல நூறு கோடி திரான்சிஸ்டர்களைக் கொண்ட சிலிக்கன் துண்டு. ஒவ்வொரு திரான்சிஸ்டரும் திறந்து மூடும்போது ஒரு சிறு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதில் செலவாகும் சக்தி முழுவதும் இறுதியில் சூடாகவே வெளிவருகிறது. வேறு எந்த வடிவத்திலும் அது போக வழியில்லை. நீங்கள் எழுதிய கடிதமும் போட்ட கணக்கும் திரையில் தெரியும். அதற்காகப் புரொசசர் உறிஞ்சிய மின்சாரம் முழுவதும் அறைக் காற்றில் கலந்துவிடும். இந்தச் சக்தி மூன்று விடயங்களைப் பொறுத்தது: எவ்வளவு சுற்று இயங்குகிறது, எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது, எவ்வளவு வோல்ற்றளவு கொடுக்கப்படுகிறது. இவற்றில் வோல்ற்றளவின் பங்கு அதன் வர்க்கமாக வருகிறது. வேகத்தையும் வோல்ற்றளவையும் பத்து வீதம் குறைத்தால், செலவாகும் சக்தி 27 வீதம் குறைந்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மொத்தச் சூட்டைவிடப் பெரிய சிக்கல் அது பிறக்கும் இடத்தின் சிறுமை. நம் வீடுகளில் உள்ள மின்னடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு சென்ரிமீற்றர் அகலமான தட்டில் 1500 வாற்று. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஆறு வாற்று. இன்றைய ஏ.எம்.டி ரைசன் புரொசசரில் கணக்குப் போடும் பகுதி 70 சதுர மில்லிமீற்றர் அளவுதான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் 100 வாற்று பிறந்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 140 வாற்றைத் தாண்டுகிறது. சோறு வேகும் அடுப்பைவிட இருபது மடங்குக்கு மேல் அடர்த்தியான சூடு. அந்தச் சூட்டை அந்த இடத்திலிருந்து விநாடி தவறாமல் இழுத்து வெளியே தள்ளுவதற்குத்தான் செம்புக் குழாய், அலுமினியத் தகடுகள், விசிறி எல்லாம்.

வெளியே தள்ள முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2001 செப்டெம்பரில் உலகம் ஒரு காணொளியில் பார்த்தது. கணினிப் பாகங்களைப் பரிசோதிக்கும் டொம்ஸ் ஹார்ட்வேர் குழுவினர், ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் புரொசசர் மீதிருந்த, ஹீட் சிங் எனப்படும் உலோகத் தகட்டுத் தொகுதியைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி அத்லோன் சில விநாடிகளில் புகைந்து கருகியது. இன்டெல் பென்ரியம் 4 கருகவில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. சூடு கூடினால் வேகத்தைக் குறைக்கும் காவலை 2000 ஆம் ஆண்டிலேயே இன்டெல் அந்தப் புரொசசருக்குள் வைத்திருந்தது. ஏ.எம்.டியும் பின்னர் அதைச் செய்தது. இன்று நீங்கள் வாங்கும் எந்தப் புரொசசரிலும் இந்தக் காவல் உண்டு. குறித்த எல்லையைத் தொட்டதும் வேகம் குறையும். அதையும் மீறிச் சூடேறினால் கணினி தானாகவே அணைந்துவிடும். ஆகவே புரொசசர் திடீரென்று எரிந்துபோய்விடுமோ என்ற பயத்தை விட்டுவிடலாம்.

அந்த எல்லை எது? அண்மைக்கால இன்டெல் புரொசசர்கள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸ். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 பாகை, கூடுதல் நினைவக அடுக்குள்ள 7800 எக்ஸ்3டிக்கு 89 பாகை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 98 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும். அதைவிடச் சூடான நிலையிலும் சிலிக்கன் பிழையில்லாமல் கணக்குப் போடும்படி செய்திருக்கிறார்கள். அது பெரிய சாதனை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். பாவித்த கணினிகளாக இறக்குமதியாகி நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தவற்றில் இன்டெல்லின் நான்காம் தலைமுறைப் புரொசசர்கள் நிறைய இருக்கின்றன. ஐ5 4570 போன்றவற்றின் விபரத் தாளில் 72.7 பாகை என்று போட்டிருக்கும். உள்ளே 75 காட்டுவதைப் பார்த்த மாணவர்கள் எல்லை தாண்டிவிட்டது என்று கலங்குகிறார்கள். அந்த 72.7 என்பது புரொசசரின் உலோக மூடியின் மேற்பரப்பில் அளக்க வேண்டிய சூடு. மென்பொருள் காட்டுவதோ உள்ளே சிலிக்கனுக்குள் இருக்கும் உணரியின் அளவு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. 75 பாகையில் அந்தப் புரொசசர் சுகமாகவே இருக்கிறது.

அப்படியானால் 99 பாகை வரை கவலையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்பதே என் பதில். காவல் என்பது உடனடி மரணத்தைத் தடுப்பது. மெல்ல மெல்ல வரும் முதுமையை அது தடுப்பதில்லை.

புரொசசருக்குள் இருக்கும் செம்புக் கம்பிகள் நனோமீற்றர் அளவில் மெல்லியவை. அவற்றின் வழியே விரையும் இலத்திரன்கள் செம்பு அணுக்களை இடித்து இடித்து இடம் நகர்த்துகின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் ஓரிடத்தில் வெற்றிடமும் இன்னோரிடத்தில் மேடும் உண்டாகும், ஒரு நாள் தொடர்பு அறும். இதன் வேகத்துக்கு ஒரு சமன்பாட்டை அமெரிக்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1960களின் பிற்பகுதியில் வகுத்தார். அதில் மின்னோட்டத்தின் அடர்த்தியும் வெப்பநிலையும் இருக்கின்றன. வெப்பநிலை அடுக்குக்குறியாக வருவதால் சிறு உயர்வும் ஆயுளில் பெரிதாகத் தெரியும். மதர்போர்டில் நிற்கும் மின்பகுபொருள் கொள்ளளவிகளுக்கு இது இன்னும் கண்கூடு. பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அவற்றுக்கு உரிய விதி. 2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பல மதர்போர்டுகளில் அந்தக் கொள்ளளவிகள் தலை வீங்கி ஒழுகியதைத் திருத்துநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூலகாரணம் உள்ளே இருந்த திரவத்தின் குறைபாடு. சூடு அதை விரைவுபடுத்தியது.

அந்தப் பத்துப் பாகை விதியைக் கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் பொருத்திச் சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. 2007 இல் கூகிள் தன்னிடமிருந்த ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மிக உயர்ந்த சூட்டைத் தவிர மற்ற நிலைகளில் சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு காணப்படவில்லை. ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாக முதுமையடைகிறது. பொத்தாம் பொதுவாகப் பயமுறுத்துவது அறிவியலுக்கு அழகன்று.

புரொசசரைப் பொறுத்தவரை சூட்டோடு வோல்ற்றளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி புரொசசர்கள் சில மதர்போர்டுகளில் கருகின. மதர்போர்டுகள் கொடுத்த அதிக வோல்ற்றளவை 1.3 வோல்ற்றுக்குள் கட்டுப்படுத்தும்படி ஏ.எம்.டி, பயொஸ் எனப்படும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளுக்குப் புதிய பதிப்பை வெளியிடச் செய்தது. அடுத்த ஆண்டு இன்டெல்லின் முறை. 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசசர்கள் காரணம் தெரியாமல் நிலைதடுமாறின. உயர் வோல்ற்றளவும் உயர் வெப்பநிலையும் சேர்ந்து உள்ளே ஒரு சுற்றை முன்கூட்டியே முதுமையடையச் செய்ததாக இன்டெல் கண்டறிந்து, 2024 ஓகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இந்தத் தலைமுறைப் புரொசசர் உங்களில் யாரிடமாவது இருந்தால், மதர்போர்டின் பயொஸைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள். ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. கெடாதிருப்பதைக் காக்கும்.

இனி நடைமுறைக்கு உதவும் எண்கள். சும்மா இருக்கும்போது கணினி 35 முதல் 50 பாகைக்குள் இருந்தால் நன்று. எழுத்து வேலை, இணையம், பாடக் காணொளி என்றால் 65 வரை போகலாம். விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைபு போன்ற கடும் வேலைகளில் 70 முதல் 85 வரை. லப்டொப்பில் சில விநாடிகள் 95 ஐத் தொட்டு இறங்கினால் அது அதன் இயல்பு, அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். பெரிய ரைசன்களும் முழு வேலையில் 95 வரை போய் நிற்கும்படியே அமைக்கப்பட்டவை. ஆனால் சாதாரண மேசைக் கணினி ஒன்று சாதாரண வேலையில் தொடர்ந்து 85 க்கு மேல் நின்றால் உள்ளே ஏதோ அடைபட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். விண்டோஸின் டாஸ்க் மனேஜர் புரொசசரின் சூட்டைக் காட்டாது. கோர் டெம்ப், எச்.டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்களில் பார்க்கலாம்.

ஒரு எண்ணை ஒரு நாள் பார்ப்பதால் அதிகம் தெரியவராது. கணினி புதிதாக இருந்தபோது, அல்லது சுத்தம் செய்த மறுநாள், குறிப்பிட்ட ஒரு வேலையில் எவ்வளவு காட்டியது என்று எழுதி வையுங்கள். அன்று அறை எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலையில் பாருங்கள். அறைச் சூட்டைக் கழித்த பின் வரும் வித்தியாசம் கூடியிருந்தால், சூடு போகும் வழி அடைபட்டு வருகிறது.

அறைச் சூட்டை ஏன் கழிக்க வேண்டும்? விசிறியும் ஹீட் சிங்கும் சூட்டை அறைக் காற்றுக்குத்தான் கொடுக்கின்றன. எவ்வளவு நல்ல விசிறியாலும் அறைக் காற்றைவிடப் புரொசசரைக் குளிராக்க முடியாது. 100 வாற்று உறிஞ்சும் புரொசசர் அறையைவிட 40 பாகை மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 24 ஆக இருந்தால் புரொசசர் 64. தகரக் கூரையின் கீழே அறை 34 ஆனால் புரொசசர் 74. இங்கேதான் கண்டிக்கு இயற்கை ஒரு கொடை தந்திருக்கிறது. நம் ஊரின் ஆண்டுச் சராசரி 24, 25 பாகை. யாழ்ப்பாணத்தைவிட மூன்று நான்கு பாகை குறைவு. மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் 31, 32 வரை ஏறினாலும் இரவில் இறங்கிவிடும். உயரத்தால் காற்றின் அடர்த்தி ஐந்து வீதமளவு குறைகிறது, அந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்து விசிறி தள்ளும் காற்று மெலிந்துவிடுகிறது, ஆனால் அங்கே காற்றே மிகக் குளிராக இருப்பதால் கணக்கு இலாபத்தில்தான் முடிகிறது. பெரிய கணினி நிலையங்களுக்கான வழிகாட்டி நெறிகளை வகுக்கும் அஷ்ரே அமைப்பு, உபகரணங்களுக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருக்கலாம் என்கிறது. கண்டியின் சராசரி அதற்குள் அடங்கிவிடுகிறது. கணினிக்கு இவ்வளவு இசைவான காலநிலை இருந்தும் இங்கே கணினிகள் சூட்டால் தடுமாறுகின்றன என்றால், காரணத்தை வெயிலில் தேடக் கூடாது. காற்றில் தேட வேண்டும்.

கண்டியின் தரை அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஹந்தான மலை, மறுபக்கம் உடவத்தகெலே காடு, நடுவில் ஒரு குழி. குழிக்குள் வாவியும் தலதா மாளிகையும் பஸ் நிலையங்களும். இரவில் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று குழியில் தேங்கும். அதற்கு மேலே சற்றே வெப்பமான காற்று மூடிபோல நிற்கும். காலையில் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் வரிசை கட்டி நிற்கும் பஸ்கள் விடும் டீசல் புகை அந்த மூடிக்குக் கீழேயே தங்கிவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும கண்டியின் காற்று மாசு பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதி எச்சரித்திருக்கிறார். அவர் பேசியது மனிதரின் நுரையீரலைப் பற்றி. அதே காற்றைத்தான் நம் கணினிகளும் உள்ளிழுக்கின்றன. ஒரு விசிறி ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்றின் கனவளவு ஒரு மனிதன் சுவாசிப்பதைவிடப் பல மடங்கு.

நகரத்துக்குள் இருந்து வரும் கணினியைத் திறந்தால், உள்ளே இருப்பது யாழ்ப்பாணத்து மணல் தூசும் அல்ல, தோட்டப்புறத்துச் செம்மண் தூசும் அல்ல. கறுப்பான, மெழுகுபோன்ற, விரலில் ஒட்டும் படிவு. டீசல் கரி ஈரக் காற்றோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அதில் துணிநூலும் தலைமயிரும் சேர்ந்து, ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே கம்பளித் துண்டுபோலப் படிந்துவிடும். விசிறி முழு வேகத்தில் சுழன்று கத்தும், காற்று போகாது. நான் சற்றுமுன் சொன்ன 40 பாகை வித்தியாசம் 60 ஆகும். அறை 24 இலேயே புரொசசர் 84. மார்ச் மாதத்துப் பிற்பகலில் 90 ஐத் தாண்டும். வேகம் குறையும். கணினி பழசாகிவிட்டது, இனி உதவாது என்று முடிவு செய்வார்கள். அப்படித் தூக்கிப் போடப்பட்ட எத்தனையோ கணினிகள் ஒரு மணி நேரச் சுத்தத்தில் பிழைத்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்தப் புகைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஈயம் இல்லாத பற்றாசுக்கு உற்பத்தியாளர்கள் மாறிய 2006 ஐ ஒட்டிய காலத்திலிருந்து, மாசுள்ள நகரங்களில் மின்சுற்றுப் பலகைகள் அரிபட்டுப் பழுதாவது உலகெங்கும் கவனத்துக்கு வந்தது. தூசுப் படிவு ஈரத்தை உறிஞ்சிப் பலகையின் மேல் தங்கவைக்கும்போது அரிப்பு இன்னும் விரைகிறது. ஆகவே தூசு தட்டுவது சூட்டுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

நம் பழக்கங்கள் சிலவும் இதற்குத் துணைபோகின்றன. தூசு படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கணினிக்குத் துணி போர்த்துகிறோம். அணைத்து வைத்திருக்கும்போது போர்த்துவது சரி. பாடசாலைக் கணினி அறைகளில் திரையின் மேலுள்ள துணியை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியின் மேலுள்ளதை அப்படியே விட்டுக் கணினியைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கணினி மேசைகளிலும் ஒரு குறை. பெட்டியை வைக்கும் அறைக்குப் பின்பக்கப் பலகை அடித்து, முன்பக்கம் கதவும் வைத்திருப்பார்கள். வெளியே வரும் சூடான காற்றே திரும்பவும் உள்ளே போகும். பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், அழகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். லப்டொப்பைக் கட்டிலில், தலையணையில் வைத்து வேலை செய்தால் அடியிலுள்ள துவாரங்கள் முழுதாக மூடப்படும். அந்தச் சூடு அருகிலேயே இருக்கும் லித்தியம் மின்கலத்தையும் தாக்கி அதை வீங்கவைக்கும். லப்டொப்பை அணைக்காமல் மூடிப் பைக்குள் போடுவதும் ஆபத்து. உறங்கும் நிலையில் இருப்பது தானாக விழித்து, கொழும்பு போய்ச் சேரும்வரை பைக்குள் வெந்துகொண்டிருக்கும். பயணம் என்றால் முழுதாக அணைத்துவிடுங்கள்.

சுத்தம் செய்வது கடினமான வேலையல்ல. மின்செருகியைக் கழற்றிவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில் பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையாலும் கையால் இயக்கும் ஊதுகருவியாலும் தூசை எடுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கட்டற்றுச் சுழலவிட்டால் அச்சு தேயும், மின்சாரமும் பிறந்து மதர்போர்டுக்குத் திரும்பும். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் கொண்டுபோய் ஊதுகிறவர்கள் உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், வேண்டாம். நகரத்துக் கரி தூரிகைக்கு மசியாவிட்டால், ஹீட் சிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, புரொசசர் மேலுள்ள பழைய களிம்பையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துப் புதிது இட வேண்டும். காற்றைவிடப் பல நூறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்துவதற்காகவே தேர்மல் பேஸ்ட் எனப்படும் அந்தக் களிம்பு இருக்கிறது. சில வருடங்களில் அது காய்ந்து வெடித்து, இடைவெளியில் காற்று புகுந்துவிடும். பட்டாணி அளவு போதும், அள்ளிப் பூசினால் பயனில்லை. லப்டொப்பைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் திருத்துநரிடம் கொடுங்கள்.

உடனடியாகச் சுத்தம் செய்ய முடியாத நிலையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் புரொசசரின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 வீதம் ஆக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் டேர்போ எனப்படும் மேலதிக வேகம் நின்றுவிடும். அந்த மேலதிக வேகத்துக்குத்தான் புரொசசர் அதிக வோல்ற்றளவைக் கேட்கிறது. முதலில் சொன்ன 27 வீதக் கணக்கு இங்கே உதவிக்கு வருகிறது. எழுத்து வேலையில் வேகம் குறைந்தது தெரியவே தெரியாது, சூடு நன்றாக இறங்கும்.

குளிர் கூடினால் நல்லதுதானே என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நுவரெலியாவில் இரவு முழுவதும் குளிர்ந்திருந்த லப்டொப்பைக் கண்டிக்குக் கொண்டுவந்து ஈரக் காற்றில் உடனே திறந்தால், அதன் உலோகத்தில் நீர்த்துளி படியும். ஏசி அறையிலிருந்து மழைநாளில் வெளியே கொண்டுவரும்போதும் அப்படியே. பையை மூடியபடி ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

கடைசியாக, பாடசாலை, மருத்துவமனை, வங்கி, அலுவலகம் ஆகியவற்றில் சேவர் வைத்திருப்பவர்களிடம் பேச வேண்டும். 2022 மார்ச் 31 அன்று நாடு 13 மணி நேர மின்வெட்டைச் சந்தித்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் தீவு முழுவதும் இருண்டது. இத்தகைய மின்வெட்டைச் சமாளிக்க, மின்கலத்தில் ஓடும் யூபிஎஸ்ஸை நாம் வாங்கினோம். அதில் சேவரை மட்டும் இணைத்தோம். மின்சாரம் நின்றவுடன் ஏசி நின்றுவிடுகிறது, சேவர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு சதுர மீற்றர் பூட்டிய அறையில் 5 கிலோவாற்று உபகரணங்கள் ஓடினால், காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்கு எட்டுப் பாகை வீதம் சூடேறும். சுவர்கள் உறிஞ்சுவதால் உண்மையில் அதைவிட மிகவும் மெதுவாக ஏறும். என்றாலும் அரை மணி நேரம் தாங்கும் யூபிஎஸ், சேவரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு அதை வேகவைத்துவிடும்.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியபோது, லண்டனின் கைஸ் அண்ட் செயின்ட் தோமஸ் மருத்துவமனைகளின் கணினி நிலையங்கள் சூட்டால் செயலிழந்து, மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். 2023 ஒக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டல் பழுதானதில் டி.பி.எஸ், சிட்டி வங்கிகளின் 25 இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நிறைவேறாமல் போயின. அதே சிங்கப்பூர், அந்த ஆண்டு ஜூனில், வெப்ப நாட்டுத் தரவு நிலையங்களை 26 பாகையிலும் அதற்கு மேலும் இயக்கலாம் என்று ஒரு தரநிலையை வெளியிட்டிருந்தது. சேவர் அறையை 18 பாகையில் உறையவைக்கத் தேவையில்லை என்பது நம்மைப் போன்ற நாட்டுக்கு நல்ல செய்தி, மின்கட்டணம் மிச்சமாகும். ஆனால் குளிரூட்டல் நின்றால் என்ன செய்வது என்ற ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். கண்டியில் அந்த ஏற்பாடு மலிவானது. வெளிக் காற்றே சராசரி 24, 25 பாகை. சேவர் அறைச் சுவரில் வடிகட்டியோடு ஒரு காற்றுத் துவாரமும், யூபிஎஸ்ஸில் இணைத்த ஒரு வெளியேற்று விசிறியும், அறை 35 பாகையைத் தொட்டால் சேவரை ஒழுங்காக அணைக்கும் ஒரு வெப்ப உணரியும் போதும். வடிகட்டியை மறந்துவிடாதீர்கள், வெளியே இருப்பது கண்டிக் காற்று.

பாடசாலை அதிபர்களிடமும் கணினி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெயில் ஏறும் பங்குனி, சித்திரைக்கு முன்னால், மாசி மாதம் முடிவதற்குள், ஆண்டுக்கு ஒரு நாளைக் கணினி அறைக்கு ஒதுக்குங்கள். உயர்தர வகுப்பு மாணவர்களையே திறக்கவும் துடைக்கவும் வெப்பநிலையை எழுதிவைக்கவும் விடுங்கள். தூரிகையும் ஊதுகருவியும் ஒரு குழாய் தேர்மல் பேஸ்ட்டும் ஒரு புதிய புரொசசரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. வீதியோரத்தில் இருக்கும் பாடசாலைகள் அதை ஆண்டுக்கு இரண்டு முறை செய்யட்டும். செய்முறையைக் காட்டித் தரும்படி யார் அழைத்தாலும் வருகிறேன்.